திறக்காத பாட்டிலுக்கு வந்த ரிப்போர்ட்

ஒன்பது வருஷம் நான் அடுத்தவர் மலத்தைப் பார்த்துக் குடும்பம் நடத்தியவன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்டால் "லேப்ல இருக்கேங்க" என்பதோடு வாயை மூடிக்கொள்வேன். ஒருத்தர் மட்டும் விடவில்லை. லேப்ல என்ன டெஸ்ட்டு, எதை டெஸ்ட்டு என்று நோண்டிக்கொண்டே போனார். சொன்னேன். அவருடைய பாயசத்தையும் அன்றைக்கு நான்தான் குடித்தேன்.

எதற்கும் பயப்படாதவன் என்று ஊரில் எனக்குப் பெயர். உண்மையில் பயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பயம் வரும்போதெல்லாம் வாய் தானாக ஒரு ஜோக்கைத் துப்பிவிடும், பார்க்கிறவர்களுக்கு அது தைரியம் மாதிரி தெரியும். அந்த வாயும் ஒரு தடவை அடைத்துப்போனது. தேர் ஓடின நாள் அது.

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் தேர் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த சின்ன லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு ரூம், ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, இரண்டு டெக்னீஷியன்கள். முதலாளி வெளியூர்க்காரர். மாசத்துக்கு ஒரு தடவை வந்து, வெறும் ரிப்போர்ட் ஃபாரங்களில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுப் பஸ் ஏறிவிடுவார். மீதி எங்கள் ராஜ்யம்.

எங்கள் என்றால் நானும் என் நண்பனும். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது கூட வந்தவனும் அவன்தான். மாமனார் "மாப்பிள்ளைக்கு வேலை... கொஞ்சம்..." என்று இழுத்தபோது, "இந்த ஜில்லாவுலயே இவன் கை மாதிரி சுத்தமான கை கிடையாதுங்க. நாளைக்கு இருபது தடவ சோப்பு போட்டுக் கழுவறான்" என்றான். மாமனார் சிரித்துவிட்டார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. என் மனைவி அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தக் காலத்தில் மலப் பரிசோதனைக்கு ஜனங்களுக்குத் தெரிந்த பாத்திரம் தீப்பெட்டி. குச்சிகளைக் கொட்டிவிட்டு, உள்ளே கொஞ்சம் வைத்து, நூல் சுற்றிக் கொண்டுவருவார்கள். சிலர் மரியாதையாக மஞ்சள் பையில் போட்டு இரண்டு கையாலும் கொடுப்பார்கள். கைக்குழந்தைகளுக்குத் தண்ணியாகப் போகும்போது தீப்பெட்டியில் நிற்காது, ஊறிப்போய்க் கையோடு வரும். "பாட்டில்ல கொண்டாங்கம்மா" என்று சொல்லி அனுப்பினால் பால்புட்டியிலேயே கொண்டுவந்தவர்களும் உண்டு.

அதில் துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் சலைன் என்கிற உப்புத் தண்ணி ஒரு சொட்டு, அயோடின் ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, மைக்ராஸ்கோப்பில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். புழு முட்டை இருக்கிறதா, அமீபா இருக்கிறதா, சீழ் அணு, ரத்த அணு உண்டா. ஒழுங்காகப் பார்த்தால் ஒன்றுக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

கார்த்திகை தீபத்துக்குக் கொடி ஏறிவிட்டால் பத்து நாள் ஊர் கொள்ளாது. வந்த ஜனம் பாதி, ஊர் ஜனம் பாதி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டர்களிடம் போகும். எங்கள் மேசையில் தீப்பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும். பத்து நிமிஷமாவது ஒன்றாவது! எந்த டாக்டர் அனுப்பினார் என்று சீட்டைப் பார்ப்போம். அவர் எப்படியும் அமீபாவுக்குத்தான் மருந்து எழுதப் போகிறார். அப்புறம் என்ன, அமீபா இருக்கிறது என்று எழுதிவிடுவோம். டாக்டருக்கும் திருப்தி, ஜனத்துக்கும் திருப்தி. தீப்பெட்டி நூல் பிரியாமலே குப்பைக்குப் போகும். கையெழுத்துதான் முன்னாலேயே போட்டுக் கிடக்கிறதே.

நண்பனுக்கு மகன் பிறந்த வருஷம், ஒரு நாள் கை கழுவிக்கொண்டே அவன்தான் சொன்னான்: "பெரியவங்களது எப்படியோ போவட்டும்டா. குழந்தைங்களது வந்தா மட்டும் பாத்துடணும். அதுல விளையாடக் கூடாது."

"சரிடா" என்றேன். ஈரக் கையோடு கை கொடுத்துக்கொண்டோம். அந்த ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, நான் நல்லவன் என்ற நினைப்பில் பல வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்குள் இருந்தது. சொந்த வீட்டு சாம்பிளை நாமே பார்க்கக் கூடாது. பயத்தில் கண் இல்லாததைக் காட்டும், இருப்பதை மறைக்கும். கூட இருக்கிறவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு தீபத் திருவிழா. என் மகளுக்குப் பதினோரு மாசம். தேருக்கு முதல் நாள் காலையில் குடித்த பாலையெல்லாம் வாந்தி எடுத்தாள். பதினோரு மணிக்குள் தண்ணி தண்ணியாக நாலு தடவை போய்விட்டாள். உடம்பு லேசாகச் சுட்டது.

என் மனைவி பழைய புடவையைக் கிழித்து அடுக்கிவைத்துக்கொண்டு, துடைப்பதும் மாற்றுவதுமாக இருந்தாள். நான் என்ன செய்தேன் என்றால், கிராஃப் பேப்பரில் கட்டம் போட்டேன். எத்தனை மணிக்கு, என்ன நிறம், எவ்வளவு. மூன்றாவது தடவைக்கு நேராக "அரிசி கழுவின தண்ணி மாதிரி?" என்று எழுதினேன். எழுதினதை நானே படித்துவிட்டு, எனக்குக் காலரா வந்த மாதிரி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க, எழுதறத விட்டுட்டு அந்த வாளியை எடுத்தாங்க."

"காலராவா இருக்குமோ?"

"இருந்தாலும் வாளி வேணும். எடுங்க."

அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர் வயதானவர், அவசரமே படாதவர். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். நாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"அழுதா கண்ணீர் வருதா?"

"வருதுங்க. எனக்கும் வருதுங்க."

"உனக்கு வந்துட்டுப் போவட்டும். குழந்தைக்கு வர்ற வரைக்கும் பயம் இல்ல" என்றார். "ஒரு டம்ளர் தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூன் ஸ்பூனா குடுத்துக்கிட்டே இரு. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடியும் குடு. தாய்ப்பால நிறுத்தாத. வேற மருந்து வேணாம்."

"டெஸ்ட்டு எதுவும் பண்ண வேணாங்களா?"

"எதுக்கு?"

"என்ன கிருமின்னு தெரிஞ்சுக்கத்தாங்க."

"தெரிஞ்சு?"

மருந்தே எழுதாத டாக்டரை எப்படி நம்புவது என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

வார்டில் அந்த வாரம் மதராஸிலிருந்து ஒரு சின்ன வயசு லேடி டாக்டர் வந்திருந்தார். ஒரு பெட்டி நிறைய மூடி திருகுகிற சின்ன பாட்டில்கள், பக்கத்தில் ஐஸ் போட்ட ஃபிளாஸ்க். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு எந்த வைரஸ் காரணம் என்று பார்க்க சாம்பிள் சேர்த்துக்கொண்டிருந்தார். என் மகளுடையதையும் கேட்டார்.

"நான் லேப் டெக்னீஷியன்தாங்க. நாங்களே பாத்துக்குவோம்" என்றேன், காலரைச் சரிசெய்துகொண்டு.

"இது உங்க மைக்ராஸ்கோப்ல தெரியாதுங்க. அவ்வளவு சின்னது. ஊருக்குக் கொண்டுபோய் கெமிக்கல் போட்டு, கலர் மாறுதான்னு பாப்போம். மாறினா வைரஸ் இருக்குன்னு அர்த்தம்."

"இருந்தா என்னங்க மருந்து?"

"மருந்து கிடையாதுங்க. தண்ணிதான். குளிர் நாள்ல குழந்தைங்களுக்கு இது சகஜமா வர்றதுதான். தண்ணி விடாம குடுத்தா அஞ்சாறு நாள்ல தானா நின்னுடும்."

மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது, மருந்தும் கிடையாது. அப்படி ஒரு வியாதியை நான் எப்படி ஒத்துக்கொள்வது? என் சர்வீஸ் என்ன ஆவது? ஆனாலும் மரியாதைக்குப் பாதி சாம்பிளை அவரிடம் கொடுத்தேன். அவரிடமே இன்னொரு பாட்டில் கேட்டு வாங்கி, மீதியை அதில் ஊற்றி மூடியைத் திருகினேன். சிந்திவிடுமோ என்று பயம். பேண்டேஜ் கட்டுகிற பிளாஸ்திரியை மூடி மேல் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை மடித்து ஒட்டினேன். மனைவியையும் குழந்தையையும் ஜட்காவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு லேபுக்குப் போனேன்.

"இன்னாடா, மூஞ்சி இப்டி கீது?" என்றான் நண்பன்.

சொன்னேன். அவன் என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு, தோளில் தட்டினான்.

"நீ வெளிய போய் உக்காரு. நான் பாத்துட்டு வர்றேன்."

வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, வழக்கம் வழக்கம்தான். அரை மணி கழித்து ஃபாரத்தோடு வந்தான்.

"அமீபாடா. ஜாஸ்தியாவே கீது. சீழ் அணு வேற. ஒண்ணும் பயப்படாத, சிரப்பு குடுத்தா நின்னுடும்."

அவன் கண் கலங்கியிருந்தது. "நீ ஏன்டா அழற?" என்று நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். பயந்து செத்துக்கொண்டிருந்த நான்! அதோடு, மதராஸ் டாக்டர் அம்மாவை நினைத்து உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வேறு. தெரியாதாமே, இதோ தெரிந்துவிட்டது.

மெடிக்கல் ஷாப்பில் எங்களைத் தெரியும். ரிப்போர்ட்டைக் காட்டினேன், அமீபா சிரப் கொடுத்தார்கள். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. ஒவ்வொரு ஸ்பூன் உள்ளே போனதும், அதுவரைக்கும் வயிற்றில் தங்கியிருந்த தாய்ப்பாலும் சேர்ந்து வெளியே வந்தது.

அதோடு விட்டேனா? அமீபா வருவது தண்ணீரில். தண்ணி கொடு என்கிறார் டாக்டர். எதிரியோ தண்ணியில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஆகவே தண்ணியைக் காய்ச்சினேன். கொதி வந்து இருபது நிமிஷம். துணியை நாலாக மடித்து வடிகட்டினேன். துணி சுத்தமா? துணியைக் காய்ச்சினேன். டம்ளரைக் காய்ச்சினேன், ஸ்பூனைக் காய்ச்சினேன். ஆறுவதற்காக வைத்த டம்ளர் விளிம்பில் ஒரு ஈ உட்கார்ந்தது. கொட்டிவிட்டு மறுபடியும் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தேன்.

"குழந்தை நாக்க நாக்க நீட்டுதுங்க. குடுங்க."

"இரு, ஆறட்டும்."

"பானையில இருக்கறத குடுக்கறேன்."

"பானையா? கொல்லப் பாக்கறியா?"

அன்றைக்குப் பகல் முழுக்க, சாயங்காலம் முழுக்க என் மகள் வயிற்றுக்குள் தங்கின தண்ணி நாலு ஸ்பூன் இருந்தால் அதிகம். மறுநாள் தேர். காலையில் குழந்தை அழவில்லை. எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது. மனைவிக்குப் படவில்லை. அவள் டம்ளரை எடுத்தபோது நான் தடுத்தேன். காய்ச்சினாலும் சில சிஸ்ட், அமீபா ஓடு கட்டிக்கொண்டு ஒளிந்திருக்கிற உருண்டை, சாகாமல் இருந்துவிட்டால்? எதற்கும் ஒரு தடவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

"நான் வர்ற வரைக்கும் ஒரு சொட்டு குடுக்காத" என்று சொல்லிவிட்டு, காய்ச்சின தண்ணியைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு லேபுக்குப் புறப்பட்டேன். இதை எழுதும்போது முதலில் சிரிப்பு வந்தது. எழுதி முடித்துப் படித்தால் வரவில்லை.

தேர் வீதியில் கால் வைக்க இடம் இல்லை. வடம் பிடிக்கிறவர்கள், பார்க்கிறவர்கள், தோளில் குழந்தைகள். நான் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நெளிந்து நெளிந்து போனேன். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தீர்த்தமாங்க? புள்ளைக்கு ஒரு சொட்டு குடுங்க சாமி."

"தீர்த்தம் இல்லீங்க, இன்னும் டெஸ்ட்டு பண்ணல."

"தீர்த்தத்துக்கு டெஸ்ட்டா? கலி முத்திடுச்சுடி" என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

லேபில் நண்பன் இல்லை, வடம் பிடிக்கப் போயிருந்தான். என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். தண்ணியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு சொட்டு பார்ப்போம் என்று புதுத் தகடு எடுக்கக் கை நீட்டினபோது, டிரேயில் என் மகளுடைய பாட்டில் இருந்தது.

பிளாஸ்திரி மூன்று சுற்று. நுனியில் நான் மடித்த மடிப்பு.

பார்த்துவிட்டு மறுபடியும் ஒட்டியிருப்பான் என்று நினைத்தேன். மனசு அவனுக்காக எவ்வளவு பாடுபட்டது! சாம்பிளைப் பார்த்த பிறகு எந்த டெக்னீஷியன் பிளாஸ்திரியைத் திரும்ப ஒட்டுகிறான்? அதுவும் மூன்று சுற்று, அதே மடிப்போடு? நகத்தால் பிரித்தேன். புதுசு மாதிரி பிசினோடு வந்தது.

வழக்கத்தை மீறி நானே பார்த்தேன். ஓரத்திலிருந்து ஓரம் வரை. சலைனில் பார்த்தேன், அயோடினில் பார்த்தேன். ஒரு அமீபா இல்லை. ஒரு சீழ் அணுகூட இல்லை. அத்தனை வருஷத்தில் அவ்வளவு சுத்தமான சாம்பிளை நான் பார்த்ததில்லை.

நெற்றி நிறைய விபூதியோடு, சட்டை வியர்வையில் ஒட்ட, நண்பன் உள்ளே வந்தான்.

"இன்னாடா, குழந்தை எப்படி கீது?"

"பிரிக்கவே இல்லையேடா" என்றேன்.

பாட்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பொய் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் பாதியாவது நம்பியிருப்பேன்.

"மேசை மேல எவ்வளவு கெடந்துச்சுன்னு நீயே பாத்தியேடா."

"குழந்தைங்களதுல விளையாடக் கூடாதுன்னு சொன்னவன் நீ."

"சொன்னேன்."

"என் குழந்தைடா."

"அதனாலதான் முதல்ல எழுதிக் குடுத்தேன்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னான். "ஒண்ணும் இல்லன்னு எழுதியிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா? வேலூருக்கு ஓடியிருப்ப, மதராஸுக்கு ஓடியிருப்ப. ஒரு பேர் குடு, ஒரு பேர் குடுன்னு நின்ன. பேர் குடுத்தேன்."

"பாத்துட்டுக் குடுக்கறதுக்கு என்ன?"

அவனுக்கும் அப்போது கோபம் வந்துவிட்டது. "ஏன்டா, போன தீபத்துக்கு அடி அண்ணாமலையிலருந்து ரெட்டைக் குழந்தைங்களது வந்துச்சே. நீ ஒண்ணத்தான் பாத்த. ரெண்டுத்துக்கும் ஒரே ரிப்போர்ட் எழுதின. நான் கேட்டேனா?"

"அது... ரெட்டைக் குழந்தைடா" என்றேன்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். நான் அதை ஜோக்காகச் சொல்லவில்லை, அதுதான் என் நியாயமாக இருந்தது. அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அப்போதுதான் உறைத்தது: அமீபா இல்லை. தண்ணி கொடுக்கலாம். நேற்றே கொடுத்திருக்கலாம்.

வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா துணி உலர்த்திக்கொண்டே சொன்னார்: "குழந்தைக்குக் கண்ணு உள்ள போயிடுச்சுப்பா. உன் பொண்டாட்டி தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டா. ஜட்கா கூட கிடைக்கல, தேர் ஜனத்துல நடந்தே போனா. நீ எங்க போயிருந்த?"

தண்ணியை டெஸ்ட் பண்ணப் போயிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

வார்டில் என் மகளின் தலையில் ஊசி குத்தி டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்குழி அமுங்கியிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு தண்ணி குடுத்த?"

"காய்ச்சிக்கிட்டு இருந்தேங்க."

"நேத்துலருந்தா?"

"ஆமாங்க."

அவர் திட்டவில்லை. கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். திட்டியிருக்கலாம். மத்தியானம் தாண்டி, நர்ஸ் ஊசியைச் சரிபண்ணினபோது மகள் வீறிட்டு அழுதாள். கன்னத்தில் ஈரம் இறங்கியது. என் மனைவி அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் உப்புச் சர்க்கரைத் தண்ணியை அவளே கொடுத்தாள். ஸ்பூனை என் கையில் தரவே இல்லை.

சாயங்காலம் நண்பன் சாத்துக்குடியோடு வந்து நின்றான்.

"வாங்கண்ணா" என்று எழுந்தாள் அவள். "நீங்க உடனே பாத்துக் குடுத்துட்டீங்க. இவருதான் காய்ச்சறேன் காய்ச்சறேன்னு குழந்தைய இந்த கதிக்குக் கொண்டாந்துட்டாரு."

அவன் என்னைப் பார்த்தான். நான் சாத்துக்குடியைப் பார்த்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. அவனைச் சொன்னால் ரெட்டைக் குழந்தைகளையும் சொல்ல வேண்டிவருமே என்ற பயம்தான் என்று நினைக்கிறேன்.

மகள் தேறி வீட்டுக்கு வந்தாள். மனைவி நன்றிக் கடனாக அண்ணனுக்கும் சேர்த்துத் தினமும் இட்லி கட்டிக் கொடுத்தாள். நான் சுமந்துகொண்டு போனேன். அவன் சாப்பிட்டான். எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம், "அயோடின் எடு", "ஸ்பிரிட் தீந்துடுச்சு" என்பதற்கு மேல் பேச்சு இல்லை. மூன்று வாரம் இப்படி.

அப்புறம் மதராஸிலிருந்து தபாலில் ஒரு தாள் வந்தது. என் மகளின் சாம்பிளில் ரோட்டா வைரஸ் இருந்தது என்று ஒரு வரி. பேனாவால் கீழே, "குழந்தை நலமா?" என்று அந்த லேடி டாக்டர் எழுதியிருந்தார். நண்பனிடம் நீட்டினேன்.

படித்துவிட்டு, "அப்ப நான் பிரிச்சுப் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காதே" என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி.

"பாத்திருந்தா ஒண்ணும் இல்லன்னு எழுதியிருப்ப. நான் பானைத் தண்ணிய குடுத்திருப்பேன்."

அவன் டிஃபன் பாக்ஸைத் திறந்தான். என் மனைவி கட்டிக் கொடுத்த இட்லி.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்திரி, ரிப்போர்ட், ரெட்டைக் குழந்தைகள் வரைக்கும். அவள் மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"இத்தன நாள் அவருக்கு இட்லி கட்டிக் குடுத்தேனே. வாங்கினு போயி குடுத்தீங்களே. சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"தோணிச்சு."

"தோணிச்சா!" என்றாள். அப்புறம் கேட்டாள்: "அந்த ரெட்டைக் குழந்தைங்க எப்படி இருக்குதுங்க?"

"தெரியாது."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் லேபில் ஒரு பெண் வந்தாள். கிராமத்துக்காரி, இடுப்பில் துவண்டுபோன ஒரு வயசுப் பையன், கையில் மருந்து பாட்டிலில் சாம்பிள். நான் வாங்கிக்கொண்டேன். அரை மணி நேரம் பார்த்தேன். இருந்த ஓரமெல்லாம் பார்த்தேன்.

"இன்னா கீதுங்க?"

"ஒண்ணும் தெரியலம்மா."

"தெரியலயா?"

"கிருமி எதுவும் தெரியல. வைரஸா இருக்கலாம். உப்பு சர்க்கரை போட்டுத் தண்ணி குடு, சரியாயிடும்."

"ரெண்டு நாளா நீரா ஊத்துது, தெரியலன்றீங்க. அப்பறம் இன்னாத்துக்கு மிஷினு வெச்சினு கீறீங்க?"

எதிர் மேசையிலிருந்து நண்பன் எழுந்தான். "நான் பாக்கறேன் குடும்மா" என்றான், அன்பாக. பாட்டிலை வாங்கி உள்ளே வைத்தான். திரும்பி வரும்போது ஃபாரத்தில் அமீபா என்று எழுதியிருந்தது. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "பாத்தீங்களா, இந்த அண்ணன் கண்டுபுடிச்சிட்டாரு" என்று என்னிடம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். எதிர் டீக்கடை பெஞ்சில் அவளை உட்கார வைத்தேன். "இப்பவே தண்ணி குடும்மா. ஆஸ்பத்திரிக்கு அப்பறம் போலாம்."

"தண்ணியிலதான் அந்தப் பூச்சி வரும்னு அந்த அண்ணன் சொன்னாரே. எப்டிங்க குடுக்கறது?"

டீக்கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கரை கேட்டேன். "உனக்கு இன்னா ஆச்சு இன்னைக்கு?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். நான் ஏதோ வேடிக்கை காட்டப்போகிறேன் என்று பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். பையனின் வாயில் முதல் ஸ்பூன் ஊற்றினேன். பாதி வழிந்தது. இரண்டாவதை நக்கினான். அவள் தடுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. என் கையிலிருந்த ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லேப் வாசலில் வந்து நின்ற நண்பன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டான்.

"இன்னாடா, டாக்டராயிட்டியா?"

டீக்கடை மொத்தமும் சிரித்தது. நல்ல ஜோக்தான். வேறு நாளாக இருந்தால் நானே அடித்திருப்பேன். பையன் ஸ்பூனைப் பல்லால் கடித்து இழுத்தான். மூன்றாவது ஸ்பூனை நிரப்பினேன்.